பாதையை வெறுத்த யோமா மேஸ்திரி

பர்மாவிலுள்ள மலைகளையெல்லாம் பிரம்மா படைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவர் யோமா மேஸ்திரி. இது என் கருத்தல்ல, அவருடையது. ரங்கூனில் பசுந்தாங் கால்வாய்க் கரையில் ஒரு மரக்கிடங்கில் அவருக்கு வேலை. மிதந்து வரும் தேக்குக் கட்டைகளைக் கரையேற்றி எண்ண வேண்டும். ஒரு கட்டையை இரண்டு தட்டுத் தட்டி, அது பெகு யோமா மலையில் எந்தச் சரிவில் நின்றது, அதன் நிழலில் எத்தனை புலிகள் படுத்திருந்தன என்றெல்லாம் சொல்லிவிடுவார். மரம் மறுத்துப் பேசாது என்ற தைரியம்தான்.

நானும் துரைசாமியும் அப்போது ஒரு அரிசி ஆலையில் குமாஸ்தாக்கள். பசுந்தாங்கில் ஒரே மெஸ்ஸில் தங்கியிருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆபீஸ் துரை தூக்கிப் போட்ட படப் பத்திரிகை ஒன்றைத் துரைசாமி கொண்டுவந்தான். அதில் வெள்ளைக்காரர்கள் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, பாதையே இல்லாத பனிமலையில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி. போட்ட தடத்தில் போவது கோழைத்தனம், தடமில்லாத இடத்தில் போகத் தேர்ந்த வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது.

துரைசாமிக்கு மூன்று நாள் தூக்கம் போயிற்று. ரங்கூனில் பனிக்கு எங்கே போவது? பனி இல்லாவிட்டால் போகட்டும், பாதையில்லாத மலையாவது ஏறியே தீருவேன் என்றான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெகு யோமா என்று முடிவாயிற்று. வழிகாட்டி யார் என்பதில் சந்தேகமே இல்லை.

நாங்கள் மேஸ்திரியை அமர்த்தப் போனோம். அவர்தான் எங்களைப் பரீட்சை செய்தார். கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். மெஸ் மாடிப்படியில் அரிசி மூட்டையோடு ஏறி இறங்கச் சொன்னார். கடைசியில், பரவாயில்லை, புலி துரத்தினால் ஒருவனாவது பிழைப்பான் என்று தீர்ப்புச் சொன்னார். சம்பளமாக ஒரு ஜோடி புதுப் பூட்ஸ் கேட்டார். நிபந்தனை ஒன்றே ஒன்று: வழியைப் பற்றி அவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

குறித்த நாளில் பர்மாக்காரர்கள் உடுத்தும் லோஞ்சியை மடித்துக் கட்டி, மேலே கறுப்புக் கோட்டு, கையில் குடையோடு ரயிலடிக்கு வந்தார். புதுப் பூட்ஸ் கழுத்தில் தொங்கியது. ஏன் காலில் போடவில்லை என்றதற்கு, காட்டில் போனால் தேய்ந்துவிடும் என்றார்.

பெகுவைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, மலையை நோக்கி வண்டிப்பாதையில் நடந்தோம். நல்ல பாதை. அரை மைல் போவதற்குள் மேஸ்திரி குடையால் மூங்கில் காட்டைக் காட்டினார்.

“இது மாடு போற வழி தம்பி. மனுசன் இப்படித்தான் போகணும்.”

துரைசாமி புல்லரித்துப்போய் உள்ளே பாய்ந்தான். பகல் பன்னிரண்டுக்குள் ஓர் ஓடையை மூன்று தடவை கடந்தோம். மூன்றாவது தடவை கரையில் நாங்கள் சாப்பிட்டுப் போட்ட இலைகள் கிடந்தன. நிபந்தனையை மீறி நான் வாயைத் திறந்தேன். அவர் அசரவில்லை.

“ஓடை வளைஞ்சு வளைஞ்சு வருது. நாம நேராத்தான் போறோம்.”

அதன்பின் ஒரு செங்குத்தான சரிவு வந்தது. காய்ந்த மூங்கில் சருகு முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. மேஸ்திரி இறங்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் துரைசாமி முதல் ஆளாகக் காலை வைத்தான். அவன் ஆசைப்பட்ட சறுக்கல் பலகையில்லாமலே கிடைத்தது. பத்திரிகையில் இருந்தவர்கள் நின்றுகொண்டு சறுக்கினார்கள். இவன் உட்கார்ந்தும் படுத்தும் போய்ப் பள்ளத்தில் விழுந்தான். நாங்கள் மரத்துக்கு மரம் பிடித்து இறங்கிப் பார்த்தபோது, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எலும்பு முறிந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

மேஸ்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நேரம் அவரைச் சுற்றியிருந்த மலைகளெல்லாம் எங்கோ போய்விட்ட மாதிரி, திடீரென்று சின்ன ஆளாகத் தெரிந்தார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் இந்த மலைக்கு வந்ததே இல்ல.”

“வேற எந்த மலைக்குப் போயிருக்கீங்க?”

சற்று யோசித்தார். “எந்த மலைக்கும் இல்ல.”

கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் அவர் கால்வாய்க் கரையை விட்டு நகர்ந்ததே இல்லையாம். அந்த நிமிஷம் அவரைக் குடையாலேயே அடித்திருப்பேன். துரைசாமி முனகிய சத்தம்தான் என்னைத் தடுத்தது.

மேஸ்திரி எழுந்து ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றார். மரமெல்லாம் தண்ணீரோடுதானே கீழே வருகிறது, நாமும் அப்படியே போவோம் என்றார். தன் கழுத்தில் கிடந்த பூட்ஸைக் கழற்றி, நனைய விடக் கூடாதென்று எச்சரித்து, என் கழுத்தில் மாட்டினார். தன்னைவிட ஒரு சாண் உயரமான துரைசாமியை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார். வழுக்கும் கல், முழங்கால் தண்ணீர். நான் மாற்றித் தூக்குகிறேன் என்று நாலு தடவை கேட்டேன். கொடுக்கவில்லை. நாங்கள் கரையேறியபோது, கல் கிழித்திருந்த அவருடைய வெறும் பாதங்களைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

வெயில் சாய்வதற்குள் ஒரு பர்மியக் கிராமம் வந்தது. ஊ போ தின் என்ற கிழவர் வண்டி பூட்டிக்கொண்டே, ஏன் ஓடையில் கிடந்து அல்லாடினீர்கள், வண்டிப்பாதை அந்த மூங்கில் புதருக்குப் பின்னாலேயே வருகிறதே என்று கேட்டார். அவ்வளவு பர்மியபாஷை எனக்கும் தெரியும். மேஸ்திரி எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

“நம்ம தைரியத்தை மெச்சிக்கிறாரு.”

துரைசாமி ஆறு வாரம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். அதற்குள் பசுந்தாங் டீக்கடைகளில் நாங்கள் மூன்று மலை தாண்டி, இரண்டு புலிகளை விரட்டியாகிவிட்டது. யாராவது துரைசாமியிடம் வந்து உண்மையா என்று கேட்டால், இரண்டில்லை, மூன்று புலி என்பான்.

சில வருஷம் கழித்து நான் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினேன். துறைமுகத்துக்கு வழியனுப்ப மேஸ்திரி வந்தார். ஆற்றுமுகம் தாண்டியதும் கப்பலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், நடுக்கடலில் எங்கே குறுக்கே போனால் ஒருநாள் மிச்சமாகும் என்று விரலால் காற்றில் கோடு போட்டு விளக்கினார். ஏணியை எடுக்கப் போகிறோம் என்று கப்பல்காரர்கள் இரண்டு தடவை கத்திவிட்டார்கள். நான் நகரவில்லை. அவர் சொன்னதில் ஒரு திருப்பம் சரியாக விளங்காத மாதிரி, இன்னொரு தடவை சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.