பேர் சொல்லிக் கூப்பிட்ட விமானம்

தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன் தனியாகப் பயணம் போக வேண்டும். நானோ கல்யாணம் முடித்த மூன்றாம் மாதமே மனைவியின் தகப்பனை, என் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமாவின் வலக் கண்ணில் சிக்கலான ஒப்பரேஷன். ஹைதராபாத்தில், நாங்கள் போய் இறங்கும் நாளுக்கு மறுநாள் காலை என்று குறித்திருந்தார்கள். கடல் தாண்டிப் போய்ச் சென்னையில் விமானம் மாற வேண்டும். "இந்தியாவில எத்தன கம்பனி பறக்குது, எது என்ன கலர், எல்லாம் எனக்கு அத்துப்படி" என்று எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியில் மாமி வீட்டார் முன்னால் நான் அளந்ததால் வந்த வினை. (எல்லாம் ஃபோனில் வீடியோ பார்த்த அறிவுதான்.)

சென்னையில் மாமாவுக்கு ஒரே பதற்றம். "மருமகன், விமானம் ஏறுற கேட்டடியில போய் இரிப்பமே."

"என்னத்துக்கு மாமா? ஒன்டு போனா பின்னால வேற கம்பனி வரும். நம்மட கல்பிட்டி பஸ் மாதிரித்தான்."

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் ஒலிபெருக்கியில் எங்கள் இருவர் பெயரும் கேட்டது. மாமா எழும்பிவிட்டார். நான் கையைப் பிடித்து இருத்தினேன்.

"ஆள் இல்லாம கெஞ்சுறாங்க மாமா. இன்னம் கொஞ்சம் சுணங்கிப் போனா முன் சீட்டே தருவாங்க."

ஊரில் கண்டக்டர் கூவிக் கூப்பிட்டால் பஸ் காலி என்றுதானே அர்த்தம்? மூன்றாம் முறை கூப்பிட்டபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஆறுதலாக, ஆடி அசைந்து போனோம். கேட் பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் எங்கள் விமானம் நகர்ந்துகொண்டிருந்தது. நான் அசராமல், அதே ஊருக்குப் போகும் இன்னொரு கம்பனியின் வரிசையில் மாமாவோடு நின்று டிக்கட்டை நீட்டினேன்.

"இது எங்க டிக்கெட் இல்ல சார். உங்க ஃப்ளைட் போயிடுச்சு" என்றாள் அங்கே நின்ற பெண்.

"அதுதான் தங்கச்சி உங்கடதுக்கு வந்தம். ரெண்டு பேர்தான்."

"சீட் இல்ல சார்."

"காரியமில்ல, நின்டு போறம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாமா மெல்ல முன்னால் வந்தார். "மகள், எனக்கு மட்டும் டிரைவருக்குப் பக்கத்தில சின்ன எடம் தாங்க. கண் சரியில்ல."

வரிசையே சிரித்தது. எனக்கு அந்த இடத்திலேயே காணாமல் போய்விடலாம் போல இருந்தது.

ரயில் பிடித்து மறுநாள் பின்னேரம் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அன்றைய வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த தவணைக்கு நாலு நாள் காத்திருந்தோம். நாலு நாளும் மாமா என்னோடு கதைக்கவில்லை.

மாமாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, வாயும் நன்றாகத் திறக்கிறது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டு நான் கொஞ்சம் சுணங்கினால் போதும், என் பங்கு மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொல்வார்:

"அவர அவசரப்படுத்தாதீங்க மகள். பின்னால வேற கம்பனி சோறு கொண்டு வரும்."