நின்றுகொண்டு சாப்பிடும் உத்தியோகம்

மாத்தளை டவுனில் பார்சல் நானாவுக்குத் தெரியாத உத்தியோகம் இனிமேல்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து "உங்கள் பிள்ளைக்கு ஏற்ற துறை எது" என்று ஆலோசனை சொல்கிறார்களாமே, அவர்கள் ஒரேயொரு நாள் நானாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போயிருந்தால் பலகையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். பதினைந்து வருஷமாக அவர் கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிறவள், இப்போது போய் "உங்க பேர் என்னா நானா" என்று எந்த முகத்தோடு கேட்பது? வீட்டில் மனைவி சமைப்பார். நானா அந்தச் சோறு கறியை லஞ்ச் ஷீட்டில் பார்சலாகச் சுற்றி, அரசாங்கக் கந்தோர், பேங்க், ஆஸ்பத்திரி என்று பகலில் கொண்டுபோய்க் கொடுப்பார். சிவப்பு ரப்பர் பட்டி போட்டிருந்தால் கோழி, பச்சைப் பட்டி மரக்கறி, இரண்டும் போட்டிருந்தால் பிரஷர்காரர், உப்புக் கம்மி.

இப்படி இருபது வருஷம் ஊரார் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு சட்டம் பிடிபட்டுவிட்டது.

"தங்கச்சி, ஒரு உத்தியோகம் நல்லமா கெட்டமான்னு சம்பளத்தப் பாத்துச் சொல்ல ஏலாது. பகல் சோத்த எத்தன மணிக்கு, எப்புடித் தின்றாங்கன்னு பாக்கணும்."

சரியாகப் பன்னிரண்டுக்குக் கை கழுவி, உட்கார்ந்து, பப்படம் நொறுங்கும் சத்தத்தோடு சாப்பிட்டால் அது நிரந்தர உத்தியோகம். ஒரு மணிக்கு ஆள் மாறி ஆள் சாப்பிட்டால் பரவாயில்லை. மூன்று மணிக்கும் பார்சல் பிரிக்காமல் கிடந்தால், "அந்த ஊட்டுக்குப் பொண்ணு குடுக்காதீங்க."

ஊரில் ஜாதகம் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட கடைசி வார்த்தைக்கு நானாவிடம்தான் வருவார்கள். எல்லாம் என் தையல் கடை வாசலில், என் காது கேட்கத்தான் நடக்கும். ஒரு பேக்கரிக்காரர் மகனை லோயராக்கலாமா என்று கேட்டார்.

"ஆக்குங்க. ஒரு லோயரும் இதுவரைக்கும் எனக்கிட்ட பார்சல் வாங்கினதில்ல. கட்சிக்காரன் வாங்கிட்டு வருவான்."

"அப்ப நல்ல தொழில்தானே நானா?"

"நல்ல தொழில்தான். கட்சிக்காரன் வராட்டிப் பட்டினி."

நில அளவை வேலைக்கு ஆசைப்பட்டவனிடம், "பல்லேகமப் பக்கம் காட்டுல ஒரு கையால சோறு தின்னுக்கிட்டே மத்தக் கையால அட்டை புடுங்கப் பழகிக்கோ" என்றார். யூடியூப்பில் வீடியோ போட்டே பிழைப்பேன் என்று நின்ற ஒருத்தனுக்கு, "பார்சல அவுத்து நாலு பக்கமும் படம் புடிச்சு முடியக்குள்ள சோறு ஆறிப் போகும். ஆறின சோத்துத் தொழில்" என்று தீர்ப்பு.

அடுத்தவன் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்லும்போது நானும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தவள்தான். என் பிள்ளைக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

எனக்குக் கவலைப்படுவதுதான் தொழில், தையல் பக்கவேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மகள் கௌசிக்கும் கையில் ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று அவள் தொட்டிலில் கிடந்த நாளிலேயே பயப்பட ஆரம்பித்துவிட்டேன். அவள் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணினாள். பண்ணியதும் ஒரே வாரத்தில் இரண்டு கடிதம். ஆசிரியர் பயிற்சிக்குக் கண்டியில் நேர்முகத் தேர்வு. தாதியர் பயிற்சிக்குக் கொழும்பில் நேர்முகத் தேர்வு. இரண்டும் அடுத்த திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு.

கௌசி, "எனக்கே தெரியலம்மா" என்றாள். என் வீட்டுக்காரர், "நீ சொன்னா சரி" என்று திரீவீலை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குத் தப்பிவிட்டார்.

எனக்கு டீச்சர்தான் ஆசை. இரண்டு மணிக்கு வீடு, பள்ளிக்கூட லீவெல்லாம் லீவு, ராத்திரி டியூட்டி கிடையாது. இருந்தாலும் மனசு ஆறுவதற்கு மாரியம்மன் கோயிலில் பூப் பொட்டலம் வைத்துப் பார்த்தேன். சிவப்புப் பூ வந்தால் டீச்சர், வெள்ளைப் பூ வந்தால் நர்ஸ். டீச்சர்தான் வந்தது. மூன்றாம் தடவையில்.

நானாவிடம் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர்தான் தங்கச்சி, சந்தேகமே இல்ல. டீச்சர்மார் எனக்கிட்ட பார்சலே வாங்குறதில்ல. ஊட்டுக்குப் போய் சுடச்சுடத் தின்றாங்க. நர்ஸ்மார் தின்றது நின்னுக்கிட்டு. மூணு நாளைக்கு மகள என்கூட அனுப்புங்க. ஆஸ்பத்திரிய கடைசி நாளைக்கு வெக்கிறேன். கண்ணால பாத்தா புள்ள பயந்துரும்."

"பயந்துருமா நானா?"

"நான் எத்தன புள்ளைய பயமுறுத்தி ஈக்கிறேன்!"

முதல் நாள் பேங்க். இரண்டாம் நாள் ஒரு கந்தோர். பெயர் சொல்லமாட்டேன், அங்கே ஒரு கிளார்க் பதினொன்று ஐம்பத்தைந்துக்கே கையைக் கழுவி, ஈரக் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். "அதான், மகள், உத்தியோகம்!" என்று நானா கௌசிக்குக் காட்டினார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. நானா ஸ்கூட்டரோடு வெளியே கேட்டடியில் நின்றார். நர்ஸ்மாரின் நாலு பார்சலோடு கௌசி உள்ளே போனாள்.

ஒரு சிஸ்டர் பார்சலைப் பிரித்து, நின்றபடி ஒரு வாய் வைத்தாராம். அந்த நேரம் பார்த்துப் பல்லேபொலையிலிருந்து ஒரு அம்மா, இடுப்பில் கைக்குழந்தை, கையில் அலறிக்கொண்டு நாலு வயசு மகள். முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகில் ஒன்றை அந்தச் சின்னவள் மூக்குக்குள் தள்ளிவிட்டாளாம். சிஸ்டர் சோற்றைப் பக்கத்து மேசையிலேயே போட்டுவிட்டுப் பிள்ளையிடம் ஓடினார். அந்த அம்மா கைக்குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்து, கௌசியின் கையில் திணித்துவிட்டார். அது இவள் தோளிலேயே பாலைக் கக்கியது. பிறகு அம்மா குழந்தையை வாங்கிக்கொள்ள, சின்னவளின் தலையை ஆட்டாமல் பிடிக்க ஆள் தேவைப்பட, அதற்கும் கௌசி. எவ்வளவு நேரமோ, கடைசியில் சின்னவள் போட்டாளே ஒரு தும்மல்! மிளகு பறந்துபோய் சிஸ்டரின் பருப்புக் கறியில் விழுந்தது.

வெளியே நானா வெயிலில் நின்று கொண்டிருந்தார். பெட்டிக்குள் இன்னும் இருபத்தெட்டுப் பார்சல். போன் பண்ணினால் கௌசியிடமிருந்து பதில் இல்லை, பிள்ளையை விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. அன்றைக்கு பேங்கில் இரண்டு மணிக்குத்தான் சாப்பிட்டார்கள். அந்தக் கிளார்க் நாலு தடவை கை கழுவினாராம். நானாவின் சட்டப்படி பார்த்தால் அன்று மாத்தளையில் ஒரு நல்ல உத்தியோகம்கூட இல்லை.

மூன்று மணிக்கு என் கடை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. நானாவின் முகத்தைப் பார்த்ததும் மெஷினை விட்டு வாசலுக்கு ஓடினேன்.

"என்னா நானா, ஸ்கூட்டர் உருண்டிருச்சா?"

"உருண்டாப் பரவாயில்லயே தங்கச்சி. புள்ளைக்கு நர்ஸ் வேல புடிச்சிருச்சு."

கௌசி தோளில் காய்ந்த பாலோடு சிரித்துக்கொண்டு இறங்கினாள். "அம்மா, அந்த மிளகு வெளிய வந்தப்ப நான்தாம்மா தலையப் புடிச்சிருந்தேன்!"

"சிஸ்டர் சாப்புட்டாங்களா இல்லையா, அதச் சொல்லு."

"சாப்புட்டாங்க. நின்னுக்கிட்டுதான். மிளகத் தூக்கிப் போட்டுட்டு, அந்த ஓரத்தையும் ஒதுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சாப்புட்டாங்க."

"பூப் பொட்டலத்துல டீச்சர்னுதானே வந்துச்சு!"

"மூணாவது தடவதானே? தூணுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிள்ளையிடம் தோற்ற கோபத்தை நானாவிடம் திருப்பினேன். "பயமுறுத்துறேன்னு கூட்டிட்டுப் போனீங்க. இதா பயமுறுத்துற லட்சணம்? இருபது வருஷமாப் பாத்தேன்னீங்களே!"

நானா தலையைச் சொறிந்தார். "இருபது வருஷமும் கேட்டுக்கு வெளியதானே தங்கச்சி நின்னேன். உள்ளுக்கு என்னா நடக்குதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை நானும் கௌசியும் கொழும்பு பஸ் ஏறினோம். நானா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து இரண்டு பார்சல் கொடுத்தார். "ஊரு தாண்ட முந்தித் தின்றுருங்க" என்றார்.

இன்றைக்குக் கௌசி பயிற்சி முடித்து நம் ஊரிலேயே நர்ஸ். நிரந்தர வேலை, சம்பளமும் குறையில்லை, பென்ஷனும் இருக்கிறது. எனக்குக் கவலை மட்டும் தீரவில்லை. ராத்திரி டியூட்டி என்றால் நானும் விடியும்வரை மெஷின் மிதிக்கிறேன்.

நானா தன் சட்டத்தை வாபஸ் வாங்கவில்லை. கட்சிக்காரர்களும் குறையவில்லை. ஆனால் கௌசியின் பார்சலுக்கு மட்டும் அடையாளமாக மூன்று ரப்பர் பட்டி. அது கடைசிப் பார்சல். மற்ற நர்ஸ்மாருக்கு உள்ளே கொடுத்தனுப்புகிறவர், இவளைக் கேட்டடிக்குக் கூப்பிடுவார். ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்து, "குந்து மகள்" என்பார். "வார்டுல வேல கெடக்கு நானா" என்று இவள் கத்துவாள். "ரெண்டு வாய்" என்பார். இரண்டு வாய் பத்து வாயாகும்வரை இவளை எழும்ப விடமாட்டார். கேட்டடிக் காவல்காரர் இப்போது அந்த நேரத்துக்கு ஒரு குடையும் கொண்டுவந்து பிடிக்கிறாராம்.

நேற்று மூன்றரை மணிக்குக் கடைக்கு வந்தார். மறுபடியும் ஜிப். ஸ்கூட்டர் ஹேண்டிலில் அவருடைய சொந்தப் பார்சல் பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டப்படி அந்த வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்கக் கூடாது.

"என்னா நானா, இன்னுமா சாப்புடல்ல?"

"மகள் தின்னுட்டா தங்கச்சி" என்றார். "குந்திக்கிட்டுத்தான் தின்டா. நான் பாத்துட்டுத்தான் வாறேன்."