ஆம்புலன்ஸ் என்றால் நடப்பது

காலை ஏழரை மணிக்கு ஆதிமூலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், மகன் முருகையன் எதிர்வீட்டுக்கு ஓடினான். உப்பளம் பேட்டையில் அந்தத் தெருவுக்கே டெலிபோன் சொல்தா சுப்பிரமணியன் வீட்டில்தான் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பேச்சில் சொல்தாவாக, இருபது வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடு வந்தவர். 'முசே' என்று கூப்பிடாதவனுக்கு அவர் வாயைத் திறக்கமாட்டார். மில் ஆளான முருகையனுக்கு அவர் பிரெஞ்சு கோயில் மந்திரம் மாதிரி. புரியாது, அதனால் மறுக்கவும் முடியாது.

சொல்தா போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் இருந்தார். பனியன் வேர்வையில் நனைந்திருந்தது.

"முசே, அப்பாவுக்கு நெஞ்சு வலிங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லணும்."

இருப்பது ஒரே வண்டி, அதுவும் தவளக்குப்பம் போயிருக்கிறது என்றார் அவர். முசேவுக்குத் தெரியாதது உண்டா என்று முருகையன் நம்பினான்.

"ஆம்புலன்ஸ்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு?"

"வண்டிங்க."

"வண்டி இல்ல. அது இங்கிலீஷ்காரன் எங்க பிரெஞ்சுலேருந்து எடுத்துக்கினது. அதுக்கு வேர் லத்தீன்ல இருக்குது. அர்த்தம், நடக்கறது. அந்தக் காலத்து சண்டையில பட்டாளத்துப் பின்னாடியே ஆஸ்பத்திரியும் நடந்து போவும். வண்டின்றது அப்புறம் வந்த அர்த்தம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "கால் இருக்கறவன் நடந்து போறதுதான் மொறை. கெளம்பு சீக்கிரம்."

முருகையன் வீட்டுக்கு வந்து இதை அப்படியே ஒப்பித்தான். மாமாவுக்கு உயிர் போகிறது, நீங்கள் பாடம் கேட்டுக்கொண்டு வந்தீர்களா என்று மனைவி ஜெயம் தலையில் அடித்துக்கொண்டாள்.

கிழவரைப் பிரம்பு நாற்காலியில் வைத்து இருவரும் தூக்கினார்கள். தெருமுனையில் பிரம்பு அறுந்து, கிழவர் இடுப்பு அடிபடத் தரையில் விழுந்தார். ரிக்‌ஷா கலியமூர்த்தி வந்தான். கிழவர் முகத்தை உற்றுப் பார்த்தான். வண்டியில் உயிர் போனால் அப்புறம் எவனும் ஏறமாட்டான் என்று சொல்லி, வந்த வழியே மிதித்தான்.

கடைசியில் நடத்தித்தான் கூட்டிப்போனார்கள். பத்தடிக்கு ஒருதரம் உட்கார வைத்தார்கள். கிழவருக்கு வலியைவிட ஆத்திரம் அதிகம்.

"ஏண்டா, அந்த வார்த்தைக்கு ஓடறதுன்னு அர்த்தம் இருந்திருந்தா என்னை ஓட வுட்டிருப்பியா?"

பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. முருகையன் நடுரோட்டில் நின்று துண்டை வீசினான். அது ஒதுங்கி, வேகமெடுத்து, உப்பளம் பக்கம் போய்விட்டது. அவன் அதன் பின்னாலேயே ஓடி, முடியாமல் விழுந்து, முட்டியைப் பேர்த்துக்கொண்டு திரும்பினான்.

ஆஸ்பத்திரி சேரும்போது மணி ஒன்பது. நெஞ்சில் ஒன்றுமில்லை, வெறும் வாயு, நடந்ததில் கலைந்துவிட்டது என்றார் டாக்டர். இடுப்பு வீக்கத்துக்கும் முருகையன் முட்டிக்கும்தான் கட்டுப் போட்டார்கள்.

வெளியே வந்தபோது ஆம்புலன்ஸிலிருந்து ஒருவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முகம்வரை வெள்ளைத் துணி. காற்றில் துணி விலகியது. சொல்தா.

முருகையன் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். அவர் சொல்லை மந்திரமாக எடுத்துக்கொண்டதால் அப்பா பிழைத்தார். நல்ல மனுஷன் போய்விட்டார். அந்தத் துக்கம் தாங்கவில்லை அவனுக்கு.

"எங்கப்பாவுக்காக வண்டி கேட்டு, அந்தக் கவலையிலேயே போயிட்டாரே!"

டிரைவர் கோவிந்தராசு கதவைச் சாத்தினான்.

"உங்கப்பாவுக்கா? ஏழு மணிக்கே தனக்கு நெஞ்சு வலின்னு கூப்புட்டாரு. அப்புறம் மறுபடியும் கூப்புட்டு, வழியில ஒரு பெரியவர நடத்திக் கூட்டிக்கினு வருவாங்க, துண்டு காட்டினாலும் நிக்காம வான்னாரு."