மெர்வ் வீட்டுக் குழாயில் அத்திவேர்

ஏலத்துக்கு ஆட்கள் வரும் நேரம் பார்த்து, மெர்வ் வீட்டுக் கழிவறை ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ரேலீன், யாரையும் உள்ளே விடாதே!"

"வீடு வாங்க வர்றவங்களுக்கு ஜன்னல் வழியா காட்டச் சொல்றியா?" என்றாள் அவன் மனைவி.

இன்று வீடு விற்றாக வேண்டும். இல்லாவிட்டால், இருவரும் ஆசை ஆசையாகப் பார்த்துவைத்த கடற்கரைக் குட்டி வீடு நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போய்விடும். நினைத்தாலே மெர்வுக்கு வயிற்றைக் கலக்கியது. இன்றைக்கு அதற்கும் வழியில்லை.

ரப்பர் பம்பை வைத்து ஓங்கி அழுத்தினான். கழிவறையில் தண்ணீர் இறங்கியது. குளியல் தொட்டியில் ஏறியது.

"பக்கத்து வீட்டு அத்திமர வேர்தான். பழைய மண்குழாய், மூட்டுக்கு மூட்டு பூந்திருக்கும். பிளம்பரைக் கூப்பிடுன்னு அப்பவே சொன்னேன்" என்றாள் ரேலீன்.

"பிளம்பர் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வாடகைக்கு எடுத்துவைத்திருந்த அடைப்பு எடுக்கும் மிஷினை முன்புறப் புல்வெளிக்கு இழுத்துவந்து, சாக்கடை மூடியைத் திறந்து சுழல்கம்பியை உள்ளே விட்டான். ஜம்மென்று போனது. திரும்பி வரத்தான் மனசில்லை. மெர்வ் கம்பியின் இந்த முனையைத் தன் வண்டியின் பின்கொக்கியில் கட்டினான்.

"வேண்டாம் மெர்வ்."

"லேசா ஒரு இழுப்புதான்."

அந்த லேசான இழுப்பில் கல்யாணப் பெண்ணின் சடைபோல நீளமாக வேர் வந்தது. கூடவே குழாயும் வந்தது. புல்வெளி நடுவில் பிளந்துகொண்டது.

தெருமுனையில் கார்கள் தெரிந்தன. மெர்வ் ஹால் கம்பளத்தை உருவிவந்து பள்ளத்தின்மேல் விரித்தான்.

"அடடா, எனக்காகக் கம்பளமெல்லாமா!" என்று பூரித்துப்போன ஏலக்காரர் கிரெய்க், அதன் நட்டநடுவில் போய் நின்று, இடுப்புவரை இறங்கினார். மனிதர் தொழில் பக்தர். "விசாலமான மனை, ஆழமான மண்!" என்று பள்ளத்திலிருந்தே ஏலத்தைத் தொடங்கிவிட்டார்.

காற்று திரும்பியது. முன்வரிசையில் நின்ற இளம் தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்கு ஓடினார்கள். பின்னாலேயே மற்றவர்களும் நழுவினார்கள். ரேலீன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

அப்போது ஒரு கை உயர்ந்தது. பக்கத்து வீட்டு ஸ்டாவ்ரூலா அம்மாள்! கேட்டதற்கு மேலேயே ஒரு விலை சொன்னார்.

"முதல் தரம்!" என்றார் கிரெய்க், கழுத்துப்பட்டையிலிருந்து சேற்றைத் துடைத்தபடி.

மெர்வுக்கு உயிர் வந்தது. அந்த அம்மாள் பள்ளத்தையே வெறித்துப் பார்ப்பது தெரிந்ததும், மனம் மாறிவிடப்போகிறாரே என்று பதறி ஓடினான்.

"ஸ்டாவ்ரூலாம்மா, பயப்படாதீங்க! வேரை அடியோட பிடுங்கியாச்சு. வேர் நுழையவே முடியாத பிளாஸ்டிக் குழாய் போட்டுத் தர்றேன். இனி ஆயுசுக்கும் தொல்லையில்லை!"

உயர்ந்த கை மெல்ல இறங்கியது.

"பாவிப் பயலே! எனக்கு எதுக்குடா இன்னொரு வீடு? புதுசா வர்றவன் அந்தக் குழாயை மாத்திடக் கூடாதேன்னுதானே வாங்க வந்தேன். உன் கக்கூஸை நம்பித்தானேடா என் அத்திமரம் இத்தனை வருஷமா காய்ச்சது!"