பூஜ்யக் கசிவு வளாகம்

மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டி ஒரு பழைய பாண்டிகசாலை. ஒரு காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கியிருந்தார்கள். இப்போது அங்கே அரசின் விலங்கு எலும்பு எக்ஸ்-ரே ஆய்வு மையம் இயங்குகிறது. இயங்குகிறது என்பது அரசாங்கச் சொல். நாமும் அதையே வைத்துக்கொள்வோம்.

மையத்தின் நடுக்கூடத்தில் ஓர் எக்ஸ்-ரே இயந்திரம். யானைக்குட்டி அளவு இருக்கும். தவளை முதல் எருமை வரை எந்தப் பிராணியின் எலும்பையும் மயிரிழை பிசகாமல் படம் பிடிக்கும் என்று கூடவே வந்த புத்தகம் சொல்கிறது. புத்தகத்தை எல்லோரும் படித்திருக்கிறார்கள். இயந்திரத்தை யாரும் இயக்கியதில்லை. கப்பலில் வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை. உறைமேல் ஒரு சந்தனப் பொட்டு.

காரணம் இருக்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் இயந்திரத்தை இயக்கக் கூடாது என்று ஒரு விதி. இயங்காத இயந்திரத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி நியமிக்கக் கூடாது என்று இன்னொரு விதி. இரண்டும் நல்ல விதிகள். தனித்தனியாகப் படித்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

இப்படி இருக்கையில் தலைமையகம் நாடு முழுக்கக் கதிர்க் கசிவைக் கணக்கெடுத்தது. மற்ற மையங்களில் கொஞ்சம் கொஞ்சம் கசிந்தது. மட்டாஞ்சேரியில் பூஜ்யம். நடுக்கூடத்தில் அளக்க வந்தவர் கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார். கருவி நன்றாக இருந்தது. கேடயம் கொடுத்தார்கள். மறு வருஷமும் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் இயக்குநர் வெங்கிடேஸ்வரனைப் பிடிக்க முடியவில்லை. வாசலில் 'பூஜ்யக் கசிவு வளாகம்' என்று மூன்று மொழியில் பலகை. ஊழியர்களுக்குப் பூஜ்யம் அச்சடித்த பனியன். வாட்ஸ்ஆப்பில் எல்லோரும் முகத்தை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தை வைத்தார்கள். சிலரை அடையாளம் கண்டுபிடிப்பது இன்னும் சுலபமாயிற்று. வெளி மாநில மையங்களிலிருந்து கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயிலரங்கு. மதியம் வரை, இயந்திரத்தைத் தொடாமலிருப்பது எப்படி என்று சொற்பொழிவு. சாப்பாட்டுக்குப் பின் செய்முறைப் பயிற்சி.

இந்த இடத்துக்குத்தான் நீலாம்பாள், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக வந்து சேர்ந்தாள்.

மழைக்காலத்தில் காயல் நன்னீர். கோடையில் உப்பு. அந்த மாறுதல் மீனின் எலும்பில் தெரிகிறதா என்பது அவள் கேள்வி. நல்ல கேள்வி. ஒரு வருஷப் பதவி. வருஷ முடிவுக்குள் எக்ஸ்-ரே படங்களோடு ஒரு கட்டுரை வெளிவந்தால் நீட்டிப்பு. வராவிட்டால் வீடு. வேறு மையத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் வயசு வரம்பு தாண்டிவிடும். அப்புறம் வைட்டிலாவில் சித்தி பையன் கேசவ் நடத்துகிற நுழைவுத் தேர்வுக் கோச்சிங்கில் பயாலஜி சொல்லித்தர வேண்டியதுதான். கேசவ் வாரம் தவறாமல் ஃபோன் செய்தான்.

"அக்கா, நீ ஒண்ணும் பயப்படாதே. உனக்குன்னு ஒரு போர்டு மாட்டி வெச்சிருக்கேன்."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எரிந்தது.

சேர்ந்த அன்றே நீலாம்பாள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"ஸார், மெஷினை எப்போ ஆன் பண்ணலாம்?"

வெங்கிடேஸ்வரன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"குட்டி, நீ பாலக்காட்டுப் பக்கமோ?"

"அப்பா கல்பாத்தி, ஸார். நான் பொறந்து வளந்ததெல்லாம் இங்கே மட்டாஞ்சேரிதான்."

"நல்ல குடும்பமாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் இப்படிக் கேக்கறே?"

"எக்ஸ்-ரே எடுக்கறதுக்குத்தானே ஸார் என்னை வேலைக்கு எடுத்திருக்கு?"

"எடுத்துக்கோ. யார் வேண்டாம்னா? மெஷினைத் தொடப்படாது, அவ்வளவுதான்."

"மெஷினைத் தொடாம எப்படி ஸார் எக்ஸ்-ரே எடுக்கறது?"

"அதாக்கும் ஆராய்ச்சி" என்றார் வெங்கிடேஸ்வரன்.

மழை வந்தது. காயல் இனித்தது. நீலாம்பாள் கூடத்தில் பிளாஸ்டிக் உறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற ஆய்வாளர்கள் அவளை அன்பாக நடத்தினார்கள். சாயா குடிக்கக் கூப்பிட்டார்கள். அவரவர் கருவிக்கும் அவரவர் உறை இருந்தது.

ஒரு காலை, படம் எடுக்க முடியாவிட்டாலும் அறுத்தாவது பார்ப்போம் என்று வைப்பின் தீவுப் படகில் வந்த கரிமீன் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் பை பரிசோதிக்கும் இயந்திரம் உண்டு. பையை நகரும் பட்டையில் வைத்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும். உள்ளே இருப்பது திரையில் தெரியும். அதிலும் எக்ஸ்-ரேதான். ஆனால் அது ஆய்வுக் கருவிக்கான செலவுத் தலைப்பில் வாங்கியதல்ல. காவல் தலைப்பில் வாங்கியது. ஆகவே அலுவலக முறைப்படி அது எக்ஸ்-ரே இல்லை. வாசல்.

வாசலில் உட்காருபவர் ஒச்சப்பன். உசிலம்பட்டிக்காரர். எர்ணாகுளத்துக்குக் கட்டட வேலைக்கு வந்து, முட்டி தேய்ந்து, காவலுக்கு மாறியவர். திரையைப் பார்த்தார். பட்டையை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"டாக்டரம்மா, செத்த இப்படி வாங்க."

"என்ன?"

"பையில மீனு இருக்கு."

"ஆமாம்."

"ஐயரு வீட்டுப் பொண்ணு..." குரலைத் தணித்தார். "வீட்ல தெரியுமா?"

"சாப்பிட இல்லை, ஒச்சப்பன். ஆராய்ச்சிக்கு."

"கரெக்ட்டு. யாரு கேட்டாலும் இதையே சொல்லுங்க. நானும் இதையே சொல்லிர்றேன். தமிழாளுக நமக்குள்ள இதுகூட இல்லைன்னா எப்படி?"

நீலாம்பாள் பதில் சொல்லத் திரும்பினாள். திரை கண்ணில் பட்டது. பதிலை மறந்தாள்.

சதை ஆரஞ்சுப் புகைபோலக் கலங்கித் தெரிந்தது. அதற்குள்ளே எலும்பு. ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக, சீப்புப் பல் மாதிரி. செவுள் மூடி, தாடை, வால் எலும்பு விசிறி, எல்லாம்.

"ஒச்சப்பன், இதை இன்னொரு தடவை ஓட்ட முடியுமா?"

"எத்தனை தடவை வேணும்னாலும் ஓட்டலாம். கரண்டு சர்க்காரோடதுதானே?"

அன்று முதல் தினமும் மீன் வந்தது. கரிமீன், திலாப்பி, கூரி. நீலாம்பாள் மீனை ஒரு தடவை படுக்க வைத்து அனுப்புவாள். ஒரு தடவை நிமிர்த்தி அனுப்புவாள். திரையைப் படம் எடுத்துக்கொள்வாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள், டாக்டருடைய பை மட்டும் ஏன் இத்தனை தரம் போய்வருகிறது என்று கேட்கவில்லை. காவல் பலமாயிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

படம் எடுத்த மீனை என்ன செய்வது? காவலர் அறையில் கப்பைக் கிழங்கு வேகும். மீன் அங்கே போகும். கட்டுரையில் இதை எழுதாமல் இருக்க முடியாது. எழுதினாள்: 'ஆய்வுக்குப் பின் மாதிரிகள் வெப்ப முறையில் அப்புறப்படுத்தப்பட்டன.'

ஒச்சப்பனுக்கு ஒரே குறை.

"டாக்டரம்மா, ஒரு நாளைக்கு நெய்மீன் கொண்டாரக் கூடாதா?"

"அது கடல் மீன், ஒச்சப்பன். என் ஆராய்ச்சி காயல் மீன்."

"ஏன், கடல் மீனுக்கு எலும்பு இல்லையா?"

கோடை வந்தது. காயல் கரித்தது. அதே வகை மீன்கள் மறுபடி பட்டையில் போயின. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நீலாம்பாள் கட்டுரையை அனுப்பினாள். 'நகரும் பட்டை எக்ஸ்-ரே முறையில் காயல் மீன்களின் எலும்பு மாறுதல்' என்று தலைப்பு. ஆராய்ச்சி இதழ் அதை மகிழ்ச்சியோடு வெளியிட்டது. நகரும் பட்டை என்ற பெயர் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அந்த மாதம் நகரும் பட்டை பற்றி இரண்டு கருத்தரங்குகள் நடந்தன. அது என்ன என்று பேசியவர்களில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவர் என்றாகிவிடும்.

தலைமையகம் மட்டும் கேட்டது. வேறு மாதிரி கேட்டது. பூஜ்யக் கசிவு வளாகத்தில் எக்ஸ்-ரே எப்படி வந்தது?

விசாரணைக் குழு வந்தது. தலைவர் ஸுப்ரியா. கோயம்புத்தூர்க்காரர். நெடுங்காலம் தலைமையகத்தில் இருந்ததில் அவர் பேச்சே சுற்றறிக்கை போலாகிவிட்டது. குழுவின் பைகள் வாசல் பட்டையில் போய் வந்தன. பெரிய கூடத்தில் உட்கார்ந்தார்கள். இன்று நீட்டிப்பா வைட்டிலாவா என்று தெரிந்துவிடும். ஸுப்ரியா கோப்பைத் திறந்தார்.

"படங்கள் எந்த இயந்திரத்தில் எடுக்கப்பட்டவை?"

"வாசல்ல இருக்கறதுல, மேடம்."

"அந்த இயந்திரத்தில் எக்ஸ்-ரே வருகிறதா?"

"வரும், மேடம். வந்தாத்தான் பைக்குள்ளே இருக்கறது தெரியும்."

குழு அசைந்து உட்கார்ந்தது. ஓர் உறுப்பினர் காலையில் பை வர நேரமாயிற்று என்று பட்டைக்குள் கையை விட்டு இழுத்தவர். அந்தக் கையை மெல்ல மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்படியானால் வளாகத்தில் கதிர் இருந்திருக்கிறது. கேடயங்களைத் திருப்பிப் பெற வேண்டியிருக்கும்."

வெங்கிடேஸ்வரன் எழுந்தார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"மேடம், வாசல் வளாகத்தோட சேர்த்தி இல்லை. வாசல் தாண்டினப்புறம்தானே வளாகம்?"

"டாக்டர் நீலாம்பாள் வளாகத்துக்குள் வேலை பார்ப்பவர் அல்லவா?"

"அவள் நின்னது உள்ளே. மீன் போனது வெளியே."

"படம்?"

"திரை உள்பக்கமாத் திரும்பியிருக்கு. படம் உள்ளே. கதிர் வெளியே."

ஸுப்ரியா அதை எழுதிக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

"சரி. இன்னொரு பிரச்சினை. அந்த இயந்திரம் இத்தனை வருஷமாக இயங்கியிருக்கிறது. அதன் பாதுகாப்பு அதிகாரி யார்?"

வெங்கிடேஸ்வரன் உட்கார்ந்தார்.

"இயங்குகிற எக்ஸ்-ரே இயந்திரத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் இருக்க விதி இடம் கொடுக்காது. ஆகவே ஒருவர் இருந்திருக்கிறார். அவர் யார் என்று கண்டுபிடித்தால் போதும்."

கதவருகே நின்ற ஒச்சப்பன் கையைத் தூக்கினார்.

"அத்தனை வருஷமும் பக்கத்திலேயே உக்காந்திருந்தது நான்தான், மேடம்."

"முனைவர் பட்டம் உண்டா?"

"எட்டாவது, மேடம். பாஸு."

குழு அவரை விட்டுவிட்டு நீலாம்பாளைப் பார்த்தது. பட்டம் இருக்கிறது. கதிர் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. இந்த இரண்டாவது தகுதி அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் இல்லை.

சாயங்காலத்துக்குள் ஆணை வந்துவிட்டது. வாசல் இயந்திரம் வாங்கிய தேதியிலிருந்து முன்தேதியிட்டு டாக்டர் நீலாம்பாள் பாதுகாப்பு அதிகாரியாக நியமிக்கப்படுகிறார். அந்தத் தேதியில் அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அது தடையில்லை. அதுவரை பணிக்கு வராத காலம் விடுப்பாகக் கருதப்படும். நீட்டிப்பு தேவையில்லை, பதவி நிரந்தரம். ஒரே நிபந்தனை: வளாகத்தின் கசிவு பூஜ்யமாகவே நீடிக்க வேண்டும். வாசல் இயந்திரத்தில் எக்ஸ்-ரே வருவதாகத் தெரியவந்திருப்பதால் அது உடனே நிறுத்தப்படுகிறது. இனிப் பைகள் கையால் சோதிக்கப்படும்.

கேசவ் ஃபோன் செய்தான். "அக்கா, அப்போ போர்டை?"

"வேற யாருக்காவது குடுத்துடு" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு இருந்த சுகத்தை எழுத முடியாது.

மறுநாள் வெங்கிடேஸ்வரன் பெரிய இயந்திரத்தின் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"பாதுகாப்பு அதிகாரி வந்தாச்சு. இனிமே விதிப்படி நீ ஆன் பண்ணலாம். என்னால தடுக்க முடியாது."

"நிஜமாவா ஸார்?"

"நிஜமாத்தான். ஒண்ணு மட்டும் சொல்லு. ஆன் பண்ணினா கொஞ்சமாவது கசியுமோ?"

"எந்த மெஷினும் துளி கசியும், ஸார். ஆபத்தில்லாத அளவு."

"பூஜ்யம் இல்லே."

"பூஜ்யம் இல்லை."

"ஆர்டரை முழுக்க வாசிச்சியோ, குட்டி?"

முழுக்க வாசித்திருந்தாள்.

கூடத்துக்குப் போனாள். ஐஸ் தட்டில் நல்ல கரிமீன் ஒன்று காத்திருந்தது. பிளாஸ்டிக் உறையின் ஒரு மூலையைக் கிழித்தாள். உள்ளே இயந்திரம் புதுப் பெயின்ட் வாசனையோடு பளபளத்தது. எவ்வளவு அழகான இயந்திரம். சாவியைத் துளையில் வைத்தாள். திருப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது நிரந்தரம் என்ற சொல் ஞாபகம் வந்தது. ஓய்வூதியம் ஞாபகம் வந்தது. வயசு வரம்பு ஞாபகம் வந்தது.

சாவியை எடுத்தாள். கிழித்த இடத்தை டேப் போட்டு ஒட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கினாள். இதுவரை அது யாருக்கும் தோன்றவில்லை.

திட்டாதீர்கள். ஒரு கரிமீனுக்காக நிரந்தர வேலையை விட்டவர் யாராவது இருந்தால் அவர் திட்டட்டும்.

கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு மாநிலத்தில், இதே மாதிரி ஒரு மையத்தில் மீன் எலும்பு பார்க்கிறவர். முத்துவேல் என்று பெயர். 'உங்கள் கட்டுரை அருமை. முடிவு சரிதானா என்று இன்னொருவர் சோதித்துப் பார்த்தால்தான் அது நிலைக்கும். எங்கள் கழிமுக மீன்களை எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் இயந்திரத்தைச் சில நாள் பயன்படுத்த அனுமதி வேண்டும்.'

நீலாம்பாள் வெகு நேரம் யோசித்துப் பதில் எழுதினாள். 'எங்கள் இயந்திரம் மிக நல்ல நிலையில் உள்ளது. ஆகவே பயன்படுத்த இயலாது. உங்கள் மையத்திலேயே முயலலாமே?'

சாயா ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'எங்கள் பெரிய இயந்திரமும் மிக நல்ல நிலையில்தான் உள்ளது. இத்தனை வருஷமும் நாங்கள் எல்லோரும் வாசல் இயந்திரத்தில்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். யாரும் வெளியில் சொல்வதில்லை. எங்கள் வாசல்கள் கட்டடத்துக்குள் இருப்பதால் கணக்கெடுப்பில் கசிந்ததும் அதுதான். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தலைமையகம் நாடு முழுக்க வாசல் இயந்திரங்களை நிறுத்திவிட்டது. இந்த வருஷம் எல்லா மையங்களுக்கும் கேடயம் வருகிறதாம். உங்களுக்கும் வாழ்த்துகள்.'