முன்னால் இரண்டைக் குறைத்து, பின்னால் இரண்டைக் கூட்டி

யாவோர்யே,
ஆகஸ்ட் 19

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மா தெரேசியா அவர்களுக்கு லுட்மிலா எழுதிக்கொள்வது.

பரலோக மாதாவின் தயவால் இங்கே நான் நலம், பசு நலம், எங்கள் வீட்டுக்காரர் சிரிலின் வலது முழங்கால் சென்ற ஆண்டைவிட நலம். உங்கள் தலைசுற்றல் நின்றுவிட்டது என்று படித்து மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றினேன். நீங்கள் அனுப்பிய பிளம் ஜாமில் முதல் பாட்டில் தீர்ந்தது. இரண்டாவதை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

திருநாளன்று சம்பந்தி வின்கோ எங்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மோட்டார் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். எதற்கு மன்னிப்பு? அவர் சந்தேகப்பட்டது நியாயம்தான், தேடிய இடம்தான் தப்பு. என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டதால் உள்ளதை எழுதுகிறேன். படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடுங்கள். சம்பந்திக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாததில்லை, அவருடைய மலை சைக்கிளுக்கு ஒரே கியர். ஒரே தெய்வம், ஒரே புருஷன், ஒரே கியர் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் எனக்கு அந்த வண்டியின்மேல் மரியாதை உண்டு. கம்பி இல்லை, குமிழ் இல்லை, கட்டக் கட்டக் என்ற சத்தம் இல்லை. மலை செங்குத்தானால் வண்டி மாறாது, ஆள்தான் மாற வேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் பன்னிரண்டு பேர் வருஷா வருஷம் மாதா திருநாளன்று மேல்கோவிலுக்கு ஏறுகிறார்கள். கடைசி ஏற்றத்துக்குப் 'பாவசங்கீர்த்தனம்' என்று பெயர், ஏனென்றால் சாமியாரிடம் பாவங்களை ஒப்பிப்பதுபோல அங்கே கால் ஊன்றுகிறவன் வாயிலிருந்து எல்லாம் வெளியே வந்துவிடும். கால் தரையில் பட்டால் அங்கிருந்து கோவில் வாசல்வரை சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டும். இருபது வருஷம் ஊன்றாத காலை இவர் போன வருஷம் பாதையோரச் சிலுவைக்கு நேராக ஊன்றிவிட்டார். ஒரு வாரம் சைக்கிளைத் தொடவே இல்லை. எட்டாம் நாள் சூப்பைக் குடித்துக்கொண்டே, அடுத்த வருஷமும் ஊன்றினால் சைக்கிள் வைக்கோல் பரணுக்குப் போய்விடும், அப்புறம் இறங்காது என்றார். டாக்டரோ இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இவ்வளவு கனமாக மிதிக்கக்கூடாது என்றிருந்தார். பரணுக்குப் போவது சைக்கிள் மட்டுமா? இவரையும் அதோடு ஏற்றிவைத்த மாதிரிதானே.

சம்பந்தி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், தன்னைப் போல பேட்டரி சைக்கிள் வாங்கிக்கொள்ளலாமே என்று. அதற்கு இவர், "மலை ஏறுறது பேட்டரின்னா, ஜெபத்தையும் அதுவே சொல்லிக்கட்டும்" என்றுவிட்டார்.

பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டால் மிதிப்பது லேசாகும் என்பது எனக்கே தெரியும். ஆனால் அது பழைய இரும்பு ஃபிரேம். பின்சக்கரம் உட்காரும் பள்ளத்தை மேலும் கீழுமாக வெட்டியிருப்பதால், சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்திச் செயினை இறுக்க வழியில்லை. பற்களின் எண்ணிக்கை பொருந்தினால் செயின் தானாக விறைத்து நிற்கும், பொருந்தாவிட்டால் தொங்கும். அந்தப் பொருத்தத்தைத் தேடி ஒரு காலத்தில் மூன்று மாதம் என் சமையலறையை எடுத்துக்கொண்டார். என் சூப் பானையில் பல்சக்கரங்களை வேகவைத்துக் கழுவிச் சிலுவைக்குக் கீழே ஆணியில் உலர்த்தினார். முன்னால் முப்பத்து மூன்று பல், பின்னால் பதினெட்டு போட்டார், தொங்கியது. முப்பத்தாறு பதினேழு போட்டார், செயினில் ஒரு கண்ணி சேர்த்தால் தொங்கியது, எடுத்தால் எட்டவே இல்லை. கடைசியில் முன்னால் முப்பத்து நான்கு, பின்னால் பதினெட்டு. வீணைத் தந்தி மாதிரி நின்றது. ஜாதகம் பொருந்தின சம்பந்தம் மாதிரி அதைவிட்டு அசையவே மாட்டேன் என்றார். பின்னால் பெரிதாக ஒன்று போட்டால்தான் என்ன என்று இந்த ஏப்ரலில் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"போட்டா செயின் தொங்கும். தொங்கினா இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் கை மாட்டணும். எனக்கே ஊன்றுகோல் வேண்டாம்னுட்டேன், அதுக்கு எதுக்குடி?"

நான் எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள். மற்றதெல்லாம் வீட்டுக் கணக்கு நோட்டு கற்றுக்கொடுத்தது. ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏற வேண்டும், அடியில் கூட்டுத்தொகை மாறக்கூடாது. நோட்டின் கடைசித் தாளில் எழுதிப் பார்த்தேன். முப்பத்து நான்கும் பதினெட்டும் ஐம்பத்திரண்டு. முன்னால் இரண்டைக் குறைத்துப் பின்னால் இரண்டைக் கூட்டினால் முப்பத்திரண்டும் இருபதும், அதுவும் ஐம்பத்திரண்டு. செயினுக்கு வித்தியாசம் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். போன வருஷமே ஜெபமாலையை வைத்து எண்ணியிருந்தேன்: ஒரு அருள் நிறை மரியே சொல்லி முடிப்பதற்குள் அடிவாரத்தில் ஏழு மிதி, சிலுவைக்குப் பக்கத்தில் மூன்று. மூன்றுக்கு வந்தால் வண்டி சாய்ந்துவிடும். நாலுக்குக் குறையாமல் வேண்டும். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை அவர் பால் கூட்டுறவுக் கூட்டத்துக்குப் போனதும் சைக்கிளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, டவுனில் சைக்கிள் பழுது பார்க்கும் அலென்காவின் கடைக்குப் போனேன். அந்தப் பெண் என் தாளைப் பார்த்தாள், செயினைப் பார்த்தாள், இன்னொருமுறை தாளைப் பார்த்தாள்.

"அத்தை, இந்தக் கடைக்கு வர்ற ஆம்பளைங்க மூணு பேர் இதுக்காக ஃபிரேமையே மாத்தியிருக்காங்க" என்றாள். மயிரிழை அளவு தொங்கும், கழன்று விழாது என்று சொல்லி அரைமணியில் மாட்டிக் கொடுத்தாள். என்ன கை அந்தப் பெண்ணுக்கு! மாவு பிசைகிறவள் மாதிரி யோசிக்காமல் செய்கிறது. புதுப் பல்சக்கரம் பளபளத்ததால் வீட்டுக்கு வந்து அடுப்புச் சாம்பலையும் பழைய எண்ணெயையும் குழைத்துப் பூசிக் கிழவியாக்கிவிட்டேன்.

புருஷனை ஏமாற்றினேன் என்று சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியாரும் ஒற்றைக் கியர்க்காரர்தான், அவருக்கும் முழங்கால் வலி. தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பின்னால எத்தனை பல்லுன்னு சொன்னீங்க?"

"இருபது, சாமி."

"எந்தக் கடை?"

அபராதமாக மூன்று பரலோக மந்திரம் கொடுத்தார். அந்தக் கடைக்குப் போக என்ன அபராதம் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் எதையும் கண்டுகொள்ளவில்லை. சமதரையில் கால் இரண்டும் கோழி குப்பையைக் கிளறுகிற வேகத்தில் சுற்றின. அவர் முழங்காலுக்காக நான் ஒன்பது நாள் ஜெபம் சொல்லியிருந்தேன்; உன் நவநாள் ஜெபம் வேலை செய்கிறது லுட்மிலா என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

திருநாளன்று நானும் சம்பந்தியும் கோவில் படியில் உட்கார்ந்திருந்தோம். சிலுவைக்கு வருவதற்குள் ஏழு பேர் வண்டியைத் தோளில் தூக்கியிருந்தார்கள். இவர் வளைவில் தலைகாட்டியதும் ஜெபமாலை மணியை உருட்ட ஆரம்பித்தேன். ஐந்து மிதி. ஐந்து. நாலு. "விழப்போறாரு பாருங்க சம்பந்தி அம்மா" என்று சொன்ன வின்கோ வாயில் போட்ட பேரிக்காயை மெல்லவே மறந்துவிட்டார். சிலுவைக்கு நேராகச் சக்கரம் ஒரு கல்லில் வழுக்கி வண்டி அப்படியே நின்றது. அருள் நிறை மரியேயில் பாதி போய்விட்டது. கால் இறங்கவில்லை. முகம் பீட்ரூட்டாகி, மெல்ல ஒரு மிதி, பிறகு இன்னொன்று. நாற்பது வருஷமாக இவரைப் பார்க்கிறேன், சம்பந்தி அம்மா, அந்த ஒரு மிதியில் எனக்குப் புதுசாகத் தெரிந்தார். பல்சக்கரம் என்னுடையதாக இருக்கலாம், அந்த மிதி அவருடையது.

இவர் கால் ஊன்றாமலே கோவில் வாசலுக்கு வந்து இறங்கிய பிறகுதான் சம்பந்தி வண்டியைக் கவிழ்த்தது. எங்கள் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பேட்டரியவா தேடுறீங்க, சம்பந்தி? அதோ படியில உக்காந்து ஜெபமாலை உருட்டுது பாருங்க." என் நவநாளைத்தான் சொல்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆகவே இந்த ரகசியம் நம் இருவரோடு இருக்கட்டும். தான் இன்னும் முப்பத்து நான்கு, பதினெட்டில் ஏறுவதாகவே அவர் நம்பட்டும். ஒரு மனிதனுக்கு அந்த அளவு கர்வம் வேண்டும். உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
லுட்மிலா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன், எண்களைத் தப்பில்லாமல் எழுதினேனா என்று பார்க்கக் கணக்கு நோட்டின் கடைசித் தாளைத் திறந்தேன். என் கூட்டலுக்குக் கீழே அவருடைய பென்சில் எழுத்து. நான் கடைக்குப் போன அதே வியாழக்கிழமைத் தேதி. 'முன் 32, பின் 20. எண்ணிப் பார்த்தேன். சாம்பலைத் துடைத்துவிட்டேன், செயினுக்கு ஆகாது.' அதற்கும் கீழே திருநாள் தேதி: 'முழங்கால் வலிக்கவில்லை. அடுத்த வருஷம் 30, 22 கிடைக்குமா?' ஆகையால் கடிதத்தை எரிக்க வேண்டாம், சம்பந்தியிடமும் தாராளமாகச் சொல்லலாம். நான் இந்தத் தாளைப் பார்த்துவிட்டேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வரும் வியாழக்கிழமை கூட்டுறவுக் கூட்டம் இருக்கிறது, அலென்காவிடம் சொல்லிவைக்கப் போகிறேன். முப்பதும் இருபத்திரண்டும் ஐம்பத்திரண்டுதான். கூட்டிப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்.