கரண்ட் போகாத கிராமத்தில் ஊ மீட்டர்

பிற்பகல் மணி இரண்டு நாற்பது. டீக்கடையில் நாங்கள் குனிந்து பார்த்த செல்பேசித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு மாட்டின் மூக்கு. அது விலகியதும், கம்பளிக் குல்லாயும் மேல்கோட்டும் கீழே லுங்கியுமாக ஊ மீட்டர் தெரிந்தார். பின்னால் பிரான்ஸ் தேசத்து வயல்.

எங்கள் பசுந்தாங் பேட்டை முழுக்கத் தேடினாலும் மின்சாரத்தை அவர் அளவுக்கு நம்பாத மனிதர் கிடைக்க மாட்டார். முப்பது வருஷம் மாடிமாடியாக ஏறி மீட்டர் பார்த்தவர். 'ஊ' பர்மாவில், எங்கள் யாங்கோனில், பெரியவர்களுக்கு வைக்கும் மரியாதை; அண்ணன் வயதுக்காரர் என்றால் 'கோ'. 'மீட்டர்' நாங்கள் வைத்தது. சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

போன கரண்ட் திரும்பினால் எங்கள் தெருவே "மீ லாபீ!" என்று பர்மியத்தில் கத்தும். முதல் குரல் அவருடையது. அடுத்த நிமிஷமே மோட்டார் போடுவார், சோற்றுக் குக்கரை அழுத்துவார், சட்டைக்கு இஸ்திரி போடுவார். ஒருமுறை சலூன் நாற்காலியிலிருந்து பாதித் தலையோடு எழுந்து ஓடினார். மீதிப் பாதி மறுநாள்தான் வெட்டப்பட்டது.

மனைவி இறந்து தனியாக இருந்தவரை மகள் சாந்தி பிரான்ஸில் தான் வாழும் கிராமத்துக்கு அழைத்துக்கொண்டாள். திரும்பிவர மூன்று மாதத்தில் டிக்கெட். பிடித்தால் அங்கேயே இருந்துவிடலாம் என்பது அவள் ஆசை. வந்துவிட வேண்டும் என்பது டீக்கடையில் எங்கள் ஆசை.

"ஊரு எப்பிடி, ஊ?" என்று கேட்டார் டீக்கடை கோ செல்வம்.

"ஊரா இது? பதினோரு நாளாச்சு. ஒரு தடவகூட கரண்ட் போகல!"

"நல்லதுதானே?"

"என்னய்யா நல்லது? எப்ப போகும்னு தெரியாம மனுசன் எப்பிடித் தூங்குறது?"

பின்னாலிருந்து சாந்தியின் குரல் வந்தது. "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. குளிக்கிற தொட்டி நெறையத் தண்ணி புடிச்சு வச்சிட்டு யாரையும் தொடவிட மாட்டேங்கிறாரு. நாங்க சமையக்கட்டுலதான் தல குளிக்கிறோம்!"

அடுத்து வந்த வாரங்களிலும் அவர் தேறவில்லை. பழக்கதோஷத்தில் பக்கத்து வீட்டு மீட்டரைக் குனிந்து பார்க்கப் போனார். லுங்கி கட்டிய ஓர் ஆள் தன் சுவரை ஆராய்வதைக் கண்ட மாட்டுக்கார அம்மாள் நாயை அவிழ்த்துவிட்டாள்.

"போதும்ப்பா. செவ்வாக்கெழம பிளைட்டுல வந்துர்றேன்" என்று கடைசி மாதத்தில் அறிவித்தார். திரையின் ஓரத்தில் சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோ செல்வம் எல்லோருக்கும் இலவசமாக டீ ஊற்றினார்.

பிறகு மூன்று நாள் அழைப்பே இல்லை. நான்காம் நாள் திரையில் வந்தவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. முகம் மட்டும் மாப்பிள்ளை முகம்.

"புயல்யா! மூணு நாள் கரண்ட் இல்ல! அடுப்பு கரண்டு, கெணத்து மோட்டாரு கரண்டு. ஊரே முழிக்குது. எங்கிட்டதான் தொட்டித் தண்ணி! மூணு செங்கல்ல வச்சு சோறு, பருப்பு. நாய அவுத்துவுட்ட அம்மா ரெண்டு தட்டு தின்னுச்சு!"

"அப்பறம்?"

"நேத்து வந்துருச்சு. நான் வாசல்ல நின்னு 'மீ லாபீ'ன்னு கத்துனேன். அந்தம்மாவும் கத்துச்சு. எதிர்வீட்டுக் கெழவரும் கத்துனாரு."

குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்கயும் கரண்ட் போகுதுய்யா. இருக்கலாம்னு பாக்குறேன்."

பின்னால் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. கோ செல்வம் சர்க்கரை போட்ட டீயிலேயே மறுபடி சர்க்கரை போட்டார்.

"அப்ப செவ்வாக்கெழம?" என்றேன்.

"டிக்கெட்ட விட்டாச்சு, தம்பி."

அவர் வர மாட்டார் என்று தெரிந்தும் செவ்வாய்க்கிழமை நான் விமான நிலையத்துக்குப் போனேன். விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியது.